வைஃபை டாங்கிளும் ரவுட்டரும் வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுக்கும் முன் அந்த லேன் கேபிளைப் பாருங்கள்

கீழே ஹாலில் போனை வைத்துப் பார்த்தால் 90 எம்பிபிஎஸ். மாடி அறையில் உள்ள கம்ப்யூட்டரில் 11. கட்டுவதோ 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு. இதைச் சரிசெய்யக் கிளம்பி 499 ரூபாய்க்கு ஒரு டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகி வைஃபை பிடிக்கும் கருவி) வாங்கினேன், 1,300 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வாங்கினேன், அப்புறம் பிளானை 200க்கு ஏற்றி 1,600 ரூபாய்க்கு ஒரு ரவுட்டரும் வாங்கினேன். மூன்றும் தப்பு. கடைசியில் ஒழுங்கான ரவுட்டர் ஒன்றை வாங்கி மாட்டியும் 94ஐத் தாண்டவில்லை. காரணம் லேன் கேபிளின் முனையில் இருந்த, பத்து ரூபாய் பெறாத ஒரு கிளிப்.

ஏறக்குறைய 3,400 ரூபாயும் ஒன்றரை மாத சனிக்கிழமைகளும் போனபிறகு எனக்குப் புரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். விலைகள் நான் பார்த்தவை. ஆஃபர் சமயத்தில் இருநூறு முந்நூறு கூடக்குறைய இருக்கும்.

1. முதலில் அளந்து பாருங்கள்: ஒரு மணி நேர வேலை, செலவு இல்லை

வேகம் எங்கே சிக்குகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். லேப்டாப்பை நெட் கம்பெனி மாட்டிய ஃபைபர் மோடத்தில் லேன் கேபிளால் நேராக இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். காலையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு முறை. கேபிளிலேயே பிளான் வேகம் வரவில்லை என்றால், உங்கள் வீட்டு வைஃபையில் கைவைத்துப் புண்ணியமில்லை. நெட் கம்பெனியில் புகார் எண் வாங்குங்கள். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் மட்டும் குறைகிறது என்றால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் சினிமா டவுன்லோட் ஆகும்போது நொடிக்கு 12 மெகாபைட் காட்டினால் உங்கள் நெட் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. இது தெரியாமல் என் மச்சான் ஒரு வருடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கிளிப் கதை. லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர்கள் இருக்கும். 100 எம்பிபிஎஸ் போக நான்கு ஒயர்கள் போதும். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். எங்கள் வீட்டில் மாடிக்குக் கேபிள் இழுத்தவர் அவசரத்தில் நான்கு ஒயர்களை மட்டும் கிளிப்பில் செருகி, மீதி நான்கையும் வெட்டி உறைக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கேபிள் மாதிரியேதான் இருந்தது. கண்ணாடி போன்ற அந்தக் கிளிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், எட்டு தங்க நிறப் பற்களில் நான்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பச்சை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு. நீலத்தையும் பழுப்பையும் காணோம்.

கிளிப்பைப் பிரிக்காமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்கில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீடு' என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் நல்லது. 100/100 என்று இருந்தால் கேபிளிலோ, கேபிள் போகும் இரண்டு முனைகளில் ஒன்றிலோ தடை இருக்கிறது. கூடவே மோடத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். சில மோடங்களில் ஒரே ஒரு லேன் துளை மட்டும் கிகாபிட், மற்றவை 100தான். நாங்கள் மாட்டியிருந்த துளை எது என்று சொல்லவும் வேண்டுமா?

2. பெட்டிமேல் இருக்கும் எண் ஒரு கூட்டல் கணக்கு

ஏசி1200 என்று போட்டிருந்தால் 1200 எம்பிபிஎஸ் வரும் என்று நினைக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே ஏற்றிப் போட்டது அது. உங்கள் கருவி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பேசும். ஏஎக்ஸ்1500 என்றால் 300ம் 1201ம். ஏஎக்ஸ்3000 என்றால் 574ம் 2402ம். இவையும் காகித வேகம்தான். கையில் கிடைப்பது ஏறக்குறைய பாதி, அதிர்ஷ்டம் இருந்தால் அறுபது சதவீதம். அதுவும் ரவுட்டர் இருக்கும் அதே அறையில்.

வைஃபை 4, 5, 6 என்று பெட்டியில் இருக்கும் எண்கள் தலைமுறையைச் சொல்பவை. மாடல் பெயரில் 'என்' இருந்தால் 4, 'ஏசி' என்றால் 5, 'ஏஎக்ஸ்' என்றால் 6. பட்ஜெட்டில் வாங்குபவருக்கு 5 போதும், 6 கிடைத்தால் நல்லது. 4 என்றாலோ, என்150, என்300 என்று பெயர் இருந்தாலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நான் 499 கொடுத்து வாங்கிய டாங்கிள் அந்த ரகம். அதற்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாது. அடுக்குமாடியில் 2.4ல் உங்கள் வைஃபையோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் பதினைந்து பேருடைய வைஃபையும் ஒரே சந்தில் முட்டிக்கொண்டிருக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11.

3. டாங்கிள் வாங்கும்போது

மேசைக் கணினிக்குப் பொதுவாக மூன்று வழிகள்.

நகம் அளவு இருக்கும் குட்டி டாங்கிள், ஏசி600 ரகம், 800 முதல் 1,000 ரூபாய். 5 கிகாஹெர்ட்ஸில் 433 என்பது கணக்கு, கையில் 150 முதல் 200 வரும். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு இது தாராளம். ரவுட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் மட்டும். உள்ளே இருக்கும் ஆன்டெனா அரிசி அளவுதான், சுவர் தாண்டினால் திணறும்.

வால் போல ஆன்டெனா வைத்த டாங்கிள், ஏசி1300 ரகம், 1,500 முதல் 2,000 வரை. இதில் யுஎஸ்பி 3.0 என்று இருக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் யுஎஸ்பி 3.0 துளையில்தான் செருக வேண்டும். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். யுஎஸ்பி 2.0வின் மொத்தக் கொள்ளளவே 480, நடைமுறையில் 300 பக்கம் நின்றுவிடும்.

மூன்றாவது, சிபியுவைத் திறந்து மதர்போர்டில் மாட்டும் பிசிஐஇ அட்டை. 2,000 முதல் 3,000. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தயங்காதவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. ஆன்டெனாவும் பெரிது, சூடும் பிரச்சினை இல்லை, பெரும்பாலும் புளூடூத்தும் சேர்ந்தே வரும். புளூடூத் வேலை செய்ய, அட்டையோடு வரும் சின்ன ஒயரை மதர்போர்டின் யுஎஸ்பி பின்களில் செருக வேண்டும். அதை மறந்துவிட்டு அட்டை பழுது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. சிப்பை மட்டும் தனியாக வாங்குவதாக இருந்தால் எண்ணைக் கவனியுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 பெரும்பாலான கணினிகளில் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியில்லை. அவை குறிப்பிட்ட இன்டெல் மதர்போர்டுகளில் மட்டும்தான் உயிர்பெறும். கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம், விலையும் குறைவாக இருக்கும், கை தானாக அதில் போய் நிற்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பெட்டியில் 'லினக்ஸில் இயங்கும்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே என்ன சிப் என்று தேடிப் பாருங்கள். மீடியாடெக் எம்டி7612யு போன்றவற்றுக்கு டிரைவர், அதாவது கருவியை ஓட்டும் மென்பொருள், லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, செருகினால் ஓடும். ரியல்டெக் சிப்புகள் சிலவற்றுக்கு டிரைவரை நீங்களே கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். கெர்னல் அப்டேட் ஆகும்போது அது உடையும், ஞாயிற்றுக்கிழமை போகும்.

விண்டோஸில் வேறு ஒரு கூத்து. டிரைவர் சிடி ஒன்று பெட்டியில் வரும், உங்கள் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இருக்காது. டிரைவரை நெட்டிலிருந்து இறக்கலாம் என்றால், நெட் வருவதற்குத்தானே டிரைவரே வேண்டும்! போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து) இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. டாங்கிளைச் சிபியுவின் பின்னால் செருகினால் அது சுவருக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு யுஎஸ்பி 3.0 துளைகளிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். 150 ரூபாய்க்கு ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல், ரவுட்டர் இருக்கும் திசை பார்த்து வையுங்கள். என் வீட்டில் 70 இருந்தது 130 ஆனது. கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்தது இந்தக் கேபிள்தான்.

4. ரவுட்டர் வாங்கும்போது

இங்கே பெரிய பொறி ஒன்றே ஒன்று. பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாக இருக்கும், பின்னால் உள்ள துளைகள் 10/100 ஆக இருக்கும். அதாவது காற்றில் 867 போகலாம், ஆனால் உள்ளே நெட் நுழையும் வாசலே 100தான். எவ்வளவு பிளான் போட்டாலும் 94, 95ல் நிற்கும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, சி6 இரண்டுமே ஏசி1200 என்றுதான் விற்கப்படுகின்றன. சி50ன் துளைகள் 100, சி6ன் துளைகள் கிகாபிட். விலை வித்தியாசம் 600, 700 ரூபாய்தான். விவரப் பட்டியலில் 'கிகாபிட்' அல்லது '10/100/1000' என்ற சொல் 'வான்' (நெட் உள்ளே வரும் துளை), 'லேன்' (கருவிகளுக்குப் போகும் துளை) இரண்டுக்கும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை என்றால் இல்லைதான்.

உங்கள் பிளான் 100ஐத் தாண்டவில்லை, தாண்டும் எண்ணமும் இல்லை என்றால் 1,500 ரூபாய் ரவுட்டரே போதும். மனசாட்சி உறுத்த வேண்டாம். 150, 200, 300 என்று போகிறவர்கள் 2,200 முதல் 2,500க்குள் கிகாபிட் ஏசி1200 வாங்கலாம். 3,000 பக்கம் போனால் ஏஎக்ஸ்1500 கிடைக்கும். வீட்டில் நான்கைந்து போன், டிவி, இரண்டு லேப்டாப் என்று ஒரே நேரத்தில் ஓடினால் அதை வாங்குங்கள், கூட்டத்தைச் சமாளிப்பதில் வைஃபை 6 கெட்டி. 5,000க்கு மேல் போகும் ரவுட்டர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அது பட்ஜெட் இல்லை.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா எத்தனை என்று எண்ணி வாங்காதீர்கள். ஆறு கொம்பு இருந்தும் மந்தமானவை உண்டு.

வாங்கியபின் பழைய லேப்டாப்புக்குப் புது வைஃபை 6 ரவுட்டரின் பெயரே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பழைய இன்டெல் வைஃபை டிரைவர்களில் உள்ள கோளாறு அது. டிரைவரை அப்டேட் செய்தால் தெரியும்.

5. எங்கே, எப்போது, என்ன பில்

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு. ஞாயிறு பெரும்பாலான கடைகள் சாத்தியிருக்கும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் போய்விடுங்கள். ஆன்லைன் விலையைப் போனில் காட்டிப் பேசினால் ஐம்பது நூறு குறைப்பார்கள். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைப்பதாகச் சொல்வார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ரவுட்டருக்கு மூன்று வருட வாரண்டி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டி எண்ணும் கருவியின் சீரியல் எண்ணும் உள்ள பில் இல்லாமல் அது செல்லாது. பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், வெப்பக் காகிதத்தில் அச்சடித்த எழுத்து ஒரு கோடைக்குத் தாங்காது.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பும் கெடுவைப் படியுங்கள். பெரும்பாலும் ஏழு நாள், அதிலும் பணம் திரும்ப வராது, மாற்றுப் பொருள் மட்டும். ஊருக்குப் போகிற வாரத்தில் ஆர்டர் போடாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதா, பின் நம் ஊர் சாக்கெட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு ரகத்தைக் கொண்டுவந்து மலிவாக விற்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கு இங்கே வாரண்டி கிடைக்காது. ஒரே மாடல் பெயரில் வி2, வி3, வி4 என்று பதிப்புகள் வரும், உள்ளே இருக்கும் சிப்பே வேறாக இருக்கலாம். ரிவ்யூ பார்த்து வாங்குபவர்கள் பதிப்பையும் பொருத்திப் பாருங்கள்.

6. நெட் கம்பெனியிடம் கேட்டு வைக்க வேண்டியவை

ரவுட்டர் வந்து சேர்வதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள், இரண்டு மூன்று நாள் இழுக்கும்.

கஸ்டமர் ஐடி, பதிவு செய்த மொபைல் எண் இரண்டையும் கையில் வையுங்கள். வாடகை வீட்டில் இணைப்பு ஓனர் பெயரில் இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும், அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நுழையும் வகை) இணைப்பா என்று கேளுங்கள். ஆம் என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு வாங்கி எழுதி வையுங்கள். மோடத்தின் அடியில் இருக்கும் லேபிளையும் போட்டோ எடுங்கள்.

மோடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ரவுட்டரில் நேராக ஃபைபரைச் செருக முடியாது. ஒளி வரும் கேபிள் மோடத்தில்தான் முடியும், அதன் சீரியல் எண்ணும் கம்பெனியின் கணக்கில் பதிந்திருக்கும். மோடம் பெரும்பாலும் அவர்கள் சொத்து. இணைப்பை ரத்து செய்யும்போது அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், இல்லையென்றால் டெபாசிட் போகும். ஆகவே அந்த அடாப்டரை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

'பிரிட்ஜ் மோட் போட்டுக் கொடுங்கள்' (மோடம் நெட்டைக் கடத்திவிட்டால் போதும், மீதியை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற முறை) என்று கேட்டால் சிலர் செய்வார்கள், சிலர் என்னவென்றே தெரியாத மாதிரி பார்ப்பார்கள். செய்யாவிட்டால் சண்டை வேண்டாம். புது ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் மோடம் பாட்டுக்கு இருக்கும், ரவுட்டர் வைஃபையை மட்டும் பார்த்துக்கொள்ளும். யூசர்நேம் பாஸ்வேர்டும் வேண்டாம். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

7. மாட்டும் நாள்

சனிக்கிழமை காலை, வீட்டில் யாருக்கும் ஆன்லைன் வகுப்பு இல்லாத நேரமாகப் பாருங்கள். இரண்டு மணி நேரம் வையுங்கள்.

ரவுட்டரை டிவி ஷோகேஸுக்குள்ளோ, பரணிலோ, பீரோவுக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். இரும்பு பீரோவும் ஆளுயரக் கண்ணாடியும் 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவரைவிடக் கொடியவை. நம் வீட்டு ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரில் ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் மூச்சு வாங்கும், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் என்றால் சொல்லவே வேண்டாம். மோடம் வாசலோரம் இருந்தால் பத்து மீட்டர் லேன் கேபிள் போட்டு ரவுட்டரை வீட்டின் நடுவே, தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குத் தாமிரம் பூசியதை அதே பெயரில் விற்கிறார்கள், வளைத்தால் உள்ளே முறியும். கிளிப் அடிக்கும்போது பக்கத்திலேயே நின்று எட்டு ஒயரையும் எண்ணுங்கள். எண்ணுவதைப் பார்த்துச் சிரித்தார் வந்தவர், சிரிக்கட்டும்.

செட்டிங்கில் ஐந்து விஷயங்கள் மட்டும். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். வைஃபை பல்பு, சிசிடிவி, பழைய பிரின்டர் எல்லாம் பெரும்பாலும் 2.4ல் மட்டும்தான் ஏறும். பாதுகாப்பில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று போட்டால் பழைய கருவிகள் ஏறாது, 2ம் 3ம் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 36 அல்லது 149 என்று நிறுத்துங்கள், மலிவு டாங்கிள்கள் சிலவற்றுக்கு நடுவிலுள்ள சேனல்கள் கண்ணுக்கே தெரியாது. கடைசியாக, மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். அதை மறந்தால் போன்கள் பழக்கதோஷத்தில் அதையே பிடித்துத் தொங்கும், புது ரவுட்டர் சும்மா விளக்கெரிந்துகொண்டிருக்கும்.

8. ரிப்பீட்டர்

வாங்காதீர்கள். வாங்குகிற சத்தத்தைத் திரும்பக் கத்துவதுதான் அதன் வேலை, ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் செய்வதால் வேகம் பாதியாகிறது. மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மேலே வைப்பது இதைவிட எத்தனையோ மேல். நான் தப்பாக வாங்கிய 1,600 ரூபாய் ரவுட்டர் இப்போது அப்படித்தான் மாடியில் பிழைக்கிறது.

9. கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் மத்தியானம்தான் வரும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் 1,200 முதல் 1,500 ரூபாய்க்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கலாம். சின்ன மாடல் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும்.

வாங்கும் முன் மோடம், ரவுட்டர் இரண்டின் அடாப்டரையும் புரட்டிப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருக்கலாம், 9 வோல்ட்டாகவும் இருக்கலாம். வோல்ட் மாறினால் கருவி புகையலாம், ஆம்பியர் மட்டும் யுபிஎஸ்ஸில் கூடுதலாக இருக்கலாம். இரண்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் இரண்டு வெளியீடு உள்ள மாடலாகப் பாருங்கள். நான் முதலில் ஒற்றை வெளியீடு உள்ளதை வாங்கி ரவுட்டருக்குக் கொடுத்தேன். கரண்ட் போனதும் வைஃபை ஜம்மென்று ஐந்து கோடும் காட்டியது. மோடம்தான் அணைந்து கிடந்தது.